பீங்கானை வளைய வைத்த கதை



காமர்ஸ் படிக்கிற ஆளுக்கு பீங்கானும் மின்சாரமும் எதுக்கு என்று கேட்கப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்க. இந்தக் கதையில் பாதி இயற்பியல். மீதிப் பாதி நாம முட்டி மோதிப் படிச்ச காஸ்ட் அக்கவுண்டிங்தான்.

அடுப்படி கேஸ் லைட்டரில் இருந்து தொடங்கலாம். அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், நீலமாய் ஒரு பொறி. உள்ளே பேட்டரி கிடையாது. ஒரு குட்டிச் சுத்தியல் ஒரு சின்ன பீங்கான் துண்டின் மேல் விழுகிறது, அவ்வளவுதான். அடி வாங்கிய பீங்கான் சில ஆயிரம் வோல்ட்டைக் கக்குகிறது. இதற்குப் பெயர் பீசோஎலக்ட்ரிக் விளைவு, தமிழில் அழுத்தமின் விளைவு. இனிமேல் சுருக்கமாக பீசோ என்றே சொல்லிக்கொள்கிறேன். இது இரண்டு பக்கமும் வேலை செய்யும். அழுத்தினால் மின்சாரம் தரும், மின்சாரம் கொடுத்தால் நீளும், சுருங்கும்.

அழுத்தினால் மின்சாரம் என்றால், உலகத்தில் அழுத்தத்துக்கா பஞ்சம்? இப்படி யோசித்தவர்கள் ஏராளம். எந்தக் கல்லூரிக் கண்காட்சிக்குப் போனாலும் ஒரு மேஜையில் இது இருக்கும். செருப்புக்கு அடியில் பத்துப் பன்னிரண்டு பீசோ வில்லைகளை ஒட்டியிருப்பார்கள். மிதித்தால் எல்.இ.டி. மினுக்கும். பக்கத்தில் "நடந்தாலே செல்போன் சார்ஜ்" என்று ஒரு சார்ட். "அப்புறம் ஏன் இதைக் கடையில் விற்கலை?" என்று கேட்டால், "பெரிய கம்பெனிகள் விட மாட்டாங்க பாஸ்" என்று பதில் வரும். உண்மையான பதில் அதை விட சுவாரசியமானது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும். முந்நூறு வருஷம்.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வியாபாரிகள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன கற்களில் டூர்மலினும் ஒன்று. தோரமல்லி என்கிற சிங்களப் பெயர்தான் அவர்கள் நாக்கில் டூர்மலின் ஆகிவிட்டது. இந்தக் கல்லைச் சூடாக்கினால் சாம்பலை இழுத்து ஒட்டிக்கொள்ளும். அதனால் டச்சுக்காரர்கள் 'சாம்பல் இழுப்பான்' என்று ஒரு பெயர் வைத்தார்கள். 'சிலோன் காந்தம்' என்றும் சொன்னார்கள். செடிகொடிகளுக்கு இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸ், இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1747-ல் எழுதிய புத்தகத்தில் இதை 'மின்கல்' என்றே குறிப்பிட்டார். 1756-ல் ஏபினஸ் என்பவர் சோதனை செய்து, இது காந்தம் இல்லை, மின்சாரம்தான் என்று காட்டினார். சூட்டால் மின்சாரம். சரி, அழுத்தினால்?

அந்தக் கேள்விக்கு 1880-ல் பாரிஸில் இரண்டு அண்ணன் தம்பிகள் பதில் சொன்னார்கள். ழாக் கியூரிக்கு 24 வயசு, தம்பி பியரிக்கு 21. (ஆமாம், நம்ம வயசுதான். நாம என்ன பண்ணிட்டு இருக்கோம்னு கேட்காதீங்க :-) ) டூர்மலின், குவார்ட்ஸ், புஷ்பராகம், ரோஷெல் உப்பு, ஏன் சர்க்கரைப் படிகத்தைக் கூட அழுத்திப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் மின்னூட்டம் வந்தது. மறுவருஷமே லிப்மன் என்பவர், அப்படியானால் மின்சாரம் கொடுத்தால் படிகம் உருமாற வேண்டுமே என்று கணக்குப் போட்டுச் சொல்ல, அதையும் இதே சகோதரர்கள் சோதித்து உறுதி செய்தார்கள்.

பியரி பிறகு மேரியைக் கல்யாணம் செய்துகொண்டதும், மேரி கியூரி கதிரியக்கத்தை அளந்ததும் நமக்குத் தெரியும். அவர் அளந்தது இந்தக் குவார்ட்ஸ் கருவியை வைத்துத்தான் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. யுரேனியம் உண்டாக்கும் மிக மிகச் சின்ன மின்னோட்டத்துக்குச் சமமாக, எடை வைத்து இழுத்த குவார்ட்ஸ் துண்டிலிருந்து மின்னூட்டம் எடுத்து ஈடு செய்தார். பீசோவின் முதல் பெரிய வேலையே 'அளப்பது'தான், 'மின்சாரம் தயாரிப்பது' அல்ல. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் உலகப் போரில் பியரியின் மாணவர் லாஞ்செவன், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க 1917-ல் எஃகுத் தகடுகளுக்கு நடுவே குவார்ட்ஸை வைத்து மீயொலி எழுப்பினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா, ஜப்பான், சோவியத் ரஷ்யா மூன்று இடங்களிலும் தனித்தனியாக பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் கிடைத்தது. அதற்கு அப்புறம் 1954-ல் ஜாஃபே குழுவினர் அமெரிக்கத் தர நிர்ணயக் கழகத்தில் இருந்து பி.இசட்.டி. என்ற ஈயம்-சிர்கோனியம்-டைட்டானியம் கலந்த பீங்கானின் ஆற்றலை வெளியிட்டார்கள். இன்றைக்கும் இந்தத் துறையின் ராஜா இதுதான். அதன் எடையில் சுமார் 60 சதவீதம் ஈயம் என்பது மட்டும் ஒரு உறுத்தல்.

இங்கேதான் சிக்கல். ராஜாவாக இருந்தாலும் பீங்கான் பீங்கான்தானே? டீ கப்பை வளைக்க முடியுமா? நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இழுத்தாலே விரிசல் விடுகிற பொருள். விமான இறக்கை, மனித முழங்கால், சட்டைத் துணி, இதெல்லாம் வளைகிற விஷயங்கள். அதன் மேல் பீங்கானை ஒட்டி என்ன செய்வது?

அடுத்த அடியை எடுத்து வைத்தவர்கள் அமெரிக்கக் கடற்படையின் தேவைக்காக வேலை செய்தவர்கள். ஆனால் அவர்களுடைய பிரச்சினை வளைவது மட்டுமில்லை. கொஞ்சம் கணக்கு பார்க்கலாம், நமக்குப் பிடித்த லெட்ஜர் கணக்குதான்.

பி.இசட்.டி-யில் ஒரு வகைக்கு, மேலிருந்து அழுத்தினால் ஒரு நியூட்டனுக்கு 374 பிகோகூலும் மின்னூட்டம் வரும். ஆனால் பக்கவாட்டில் அழுத்தினால் எதிர்க்குறியில் 171 வரும். கடலுக்கு அடியில் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும். ஆக, மேல்-கீழ் வரவு 374. இரண்டு பக்கவாட்டு திசைகளுக்கும் பற்று 171 + 171 = 342. கையிருப்பு வெறும் 32! பத்தில் ஒரு பங்கு கூட மிஞ்சவில்லை. கடலுக்கு அடியில் சத்தம் கேட்க வைத்த காது பாதிச் செவிடு.

பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நியூன்ஹாம், எரிக் கிராஸ், ஸ்கின்னர் ஆகியோர் 1978-ல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பீங்கானை ஒரே கட்டியாக வைக்காதே. குச்சி குச்சியாக, இழை இழையாக ஆக்கி, நடுவில் ரப்பரையோ பிளாஸ்டிக்கையோ நிரப்பு. மேலிருந்து வரும் அழுத்தத்தைக் கெட்டியான குச்சிகளே பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், அதனால் வரவு குறையாது. பக்கவாட்டு அழுத்தத்தை மெத்தென்ற பிளாஸ்டிக் வாங்கிக்கொள்ளும், அதனால் பற்று குறையும். கான்கிரீட்டில் கம்பியும் சிமெண்ட்டும் வேலையைப் பிரித்துக்கொள்வது போல. இதைத்தான் கூட்டுப்பொருள் என்கிறோம்.

இவர்கள் செய்த ஒரு மாதிரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பவளப்பாறையை எடுத்துக்கொண்டார்கள். பவளத்தின் எலும்புக்கூட்டில் சுவரும் துளையும் இரண்டுமே விட்டுப்போகாமல் ஒன்றோடொன்று தொடர்ந்து ஓடும். துளைகளுக்குள் மெழுகை ஊற்றி, பவளத்தை அமிலத்தில் கரைத்துவிட்டார்கள். மிஞ்சியது மெழுகு அச்சு. அதற்குள் பி.இசட்.டி. கூழை ஊற்றிச் சூளையில் சுட்டால் மெழுகு எரிந்து போய், பவளத்தின் வடிவத்தில் பீங்கான். கடைசியாக அதன் துளைகளில் சிலிக்கான் ரப்பர். நம்ம ஊர் ஸ்தபதிகள் ஐம்பொன் சிலை வார்க்கிற அதே மெழுகு வார்ப்பு யோசனைதான்! அந்தப் பொருளைக் கையால் அமுக்கினால் அமுங்கியது. பீசோ பீங்கான் முதன்முதலில் கொஞ்சம் வளைந்து கொடுத்த இடங்களில் இது ஒன்று.

எது எதோடு எத்தனை திசையில் தொடர்ந்து ஓடுகிறது என்பதை எண்ணால் குறிக்கும் முறையையும் நியூன்ஹாம் குழு அப்போதே உருவாக்கியது. குச்சி ஒரு திசையில், பிளாஸ்டிக் மூன்று திசையிலும் என்றால் 1-3. பொடித் துகளைத் தூவினது போல என்றால் 0-3. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் வைத்து நகர்த்துகிறார்களே, அந்தக் கருவிகள் பலவற்றுக்குள் இருப்பது இந்த 1-3 வகைதான். கடற்படைக்காகப் போட்ட யோசனை ஆஸ்பத்திரிக்குப் போனது.

கடலில் இருந்து இப்போது ஆகாயத்துக்கு. 1990-களில் எம்.ஐ.டி-யில் நெஸ்பிட் ஹாகுட், ஆரன் பென்ட் இருவரும் ஹெலிகாப்டர் இறக்கையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். சுழலும்போதே இறக்கை தானாக முறுக்கிக்கொண்டு அதிர்வைக் குறைக்க வேண்டும். அதற்கு முடி போன்ற மெல்லிய பி.இசட்.டி. இழைகளை வரிசையாகப் படுக்க வைத்து, எபாக்ஸியில் (நம்ம அரால்டைட் பசை வகைதான்) பதித்து, மேலும் கீழும் மெல்லிய தாளில் மின்முனைகளை அச்சிட்டார்கள். மின்முனையின் வடிவத்தில்தான் சாமர்த்தியம். இரண்டு சீப்புகளை எதிரெதிராகப் பல் கோத்து வைத்தது போல. அதனால் மின்புலம் இழையின் நீளத்தோடு ஓடும். பக்கவாட்டு 171-ஐ விட்டுவிட்டு நீளவாட்டு 374-ஐப் பயன்படுத்தலாம். பீங்கானைக் கட்டியாக வைத்தால் ஒரு விரிசலில் முழுவதும் போச்சு. இழையாக வைத்தால் ஒரு இழை ஒடிந்தாலும் பக்கத்து இழை வேலை பார்க்கும், பசை சுமையை மாற்றிக் கொடுக்கும்.

வேலை செய்தது. ஆனால் விலை? உருண்டையான இழைகளைத் தனித்தனியாகத் தயாரித்து, ஒடியாமல் எடுத்து, வரிசை கலையாமல் அடுக்கணும். கூலியும் சேதாரமும் எக்கச்சக்கம். இன்னொரு தொல்லை, உருண்டை இழையும் தட்டையான மின்முனையும் தொடுவது ஒரு கோட்டில்தான். நடுவில் பசை புகுந்து, மின்புலத்தின் பெரும்பங்கைத் தின்றுவிடும். அதனால் பல ஆயிரம் வோல்ட் கொடுக்க வேண்டிவந்தது.

இப்போதுதான் காஸ்ட் அக்கவுண்டிங். நாசாவின் லாங்லி ஆய்வகத்தில் கீட்ஸ் வில்கி குழுவினர் 1999 வாக்கில் புதிய பொருள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. தயாரிக்கும் முறையை மாற்றினார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண பி.இசட்.டி. தகட்டை வாங்கி, ஒட்டும் தாளின் மேல் வைத்து, கம்ப்யூட்டர் சில்லுகளை வெட்டுகிற ரம்பத்தால் கோடு கோடாக அறுத்தார்கள். ஒரே தகட்டிலிருந்து நிறைய இழைகள், அதுவும் வரிசை கலையாமல், தாளில் ஒட்டியபடி! அப்படியே தூக்கிப் பசையில் பதிக்க வேண்டியதுதான். இழைகள் செவ்வகமாக இருப்பதால் மின்முனையோடு முழுப் பரப்பும் படிந்தது. விலையும் குறைந்தது, வோல்ட்டும் குறைந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 2000-ல் வெளியிட்ட கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பிலேயே 'குறைந்த விலை' என்ற வார்த்தை இருக்கிறது. நம்ம ஆளுங்கய்யா!

மேக்ரோ ஃபைபர் காம்போசிட், சுருக்கமாக எம்.எஃப்.சி. என்று இதற்குப் பெயர். மொத்தத் தடிமன் 0.3 மில்லிமீட்டர் அளவு. விரலில் சுற்றுகிற பிளாஸ்டர் போல வளையும். 2002-லிருந்து ஸ்மார்ட் மெட்டீரியல் என்ற நிறுவனம் நாசாவிடம் உரிமம் பெற்று விற்கிறது. கியூரி சகோதரர்களில் இருந்து எண்ணினால் பீங்கான் நன்றாக வளைந்து சந்தைக்கு வர 120 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதில் கடைசித் தாழ்ப்பாளைத் திறந்தது ஒரு ரம்பம்.

சரி, இப்போது நம்ம செருப்புக்கு வருவோம். 1996-ல் ஸ்டார்னர் என்ற எம்.ஐ.டி. மாணவர் ஒரு கணக்குப் போட்டார். 68 கிலோ ஆள், நொடிக்கு இரண்டு அடி, ஒவ்வொரு அடியிலும் 5 சென்டிமீட்டர் இறக்கம். 68 × 9.8 × 0.05 × 2, அதாவது கிட்டத்தட்ட 67 வாட். இந்த 67 என்ற எண்தான் நிறையப் பேரைக் கனவு காண வைத்தது. ஆனால் அவ்வளவையும் பிடுங்கினால் ஈர மணலில் நடப்பது போலக் கால் கடுத்துப் போகும்.

1998-ல் அதே எம்.ஐ.டி-யின் மீடியா லேபில் நிஜமாகவே ஷூவுக்குள் வைத்துப் பார்த்தார்கள். பீசோ பிளாஸ்டிக் தாளில் இருந்து சராசரியாக ஒரு மில்லிவாட்டுக்குக் கொஞ்சம் மேல், குதிகால் பீங்கானில் இருந்து 1.8 மில்லிவாட். 2001-ல் இதை 8.4 மில்லிவாட் வரை உயர்த்தினார்கள். சில அடிகளுக்கு ஒருமுறை ரேடியோவில் ஒரு அடையாள எண்ணை அனுப்ப அது போதுமானதாக இருந்தது.

போனுக்குப் போதுமா? இன்றைய போன் பேட்டரி சுமார் 15 வாட்-மணி. 15-ஐ 0.0084-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,786 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு முழு சார்ஜுக்கு கிட்டத்தட்ட ஐந்து வருஷம். 15 வாட்-மணி என்பது 0.015 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் பத்து பைசா. ஐந்து வருஷம் நடந்து சம்பாதித்தது பத்து பைசா! பெரிய கம்பெனிகள் இதைத் தடுக்க மெனக்கெட வேண்டிய அவசியமே இல்லை. எல்.இ.டி. மினுக்குவது பொய் இல்லை, வோல்ட் நிஜமாகவே வருகிறது. ஆனால் கண நேரம் வருகிற வோல்ட் வேறு, தொடர்ந்து ஓடுகிற மின்னோட்டம் வேறு.

இதில் ஒரு வேடிக்கை. இவ்வளவு பாடுபட்டு வளைய வைத்த எம்.எஃப்.சி-யையே 2000-களின் நடுவில் சோடனோ, இன்மன் போன்றவர்கள் பேட்டரி சார்ஜ் செய்ய வைத்துப் பார்த்தார்கள். சாதாரண பீங்கான் தகடு அதை விட நன்றாகச் செய்தது. காரணம் அந்தச் சீப்பு மின்முனைதான். வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும், மின்னோட்டத்தைச் சுருக்கிவிடும். அசைப்பதற்கும் உணர்வதற்கும் வரமாக இருந்தது, சேமிப்பதற்குச் சாபமாகிவிட்டது.

பீங்கானுக்கு மாற்றாக முழுக்க முழுக்க பிளாஸ்டிக்கே போதுமே என்று தோன்றும். 1969-ல் ஜப்பானின் கவாய், பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக்கை இழுத்து நீட்டி மின்புலத்தில் வைத்தால் அது பீசோ ஆகிறது என்று காட்டினார். மேலே சொன்ன ஷூ தாள் இதுதான். பி.இசட்.டி-யின் பலத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் நூலாக நூற்கலாம், தறியில் நெய்யலாம், ஈயமும் கிடையாது. 2008-ல் ஜார்ஜியா டெக்கில் சோங் லின் வாங் குழு கெவ்லார் நூலின் மேல் துத்தநாக ஆக்சைடு நுண்கம்பிகளைப் பிரஷ் மாதிரி வளர்த்து, இரண்டு நூலை உரச விட்டு மின்சாரம் எடுத்தது. 2018-ல் ஸ்வீடனில் ஆன்யா லுண்ட், கிறிஸ்டியன் முல்லர் குழு, நடுவில் மின்கடத்தும் கரு, சுற்றிலும் பி.வி.டி.எஃப். என்று இழை நூற்று, தறியில் பட்டையாக நெய்து, லேப்டாப் பையின் தோள்பட்டை வாராகப் போட்டது. நனைந்தால் கெட்டுப்போகும் என்று நினைப்போம். இது நனைந்தால் கூடுதலாக வேலை செய்தது! நடக்கும்போது கிடைத்தது அதிகபட்சம் 4 மைக்ரோவாட். நம்ம போனுக்கு இதை வைத்துக் கணக்குப் போட்டால் ராத்திரி பகல் நடந்து 428 வருஷம் ஆகும். கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் நடக்க ஆரம்பித்திருந்தால் இப்போது ஃபுல் சார்ஜ் :-)

அப்போ இது எல்லாம் வீணா? இல்லை, லெட்ஜரில் தலைப்பைத் தப்பாகப் போட்டதுதான் கோளாறு. மின்சாரத்தை விற்பனைப் பொருளாக எழுதினால் நஷ்டக் கணக்கு. ஒரு பாலத்தின் உட்புறத்திலோ விமான இறக்கையின் இடுக்கிலோ ஒட்டிவைத்த உணர்கருவிக்கு பேட்டரியின் விலை பெரிசில்லை, அதை மாற்ற ஆள் போய் வருகிற செலவுதான் பெரிசு. அங்கே சில மைக்ரோவாட்டுக்கு மதிப்பு உண்டு. அதை விட முக்கியம், பீசோ இழை உணர்கருவியாக இருக்கும்போது அதற்கு வெளியிலிருந்து மின்சாரமே தேவையில்லை. வளைவதே செய்தி. மேரி கியூரியின் மேஜையில் அது செய்த வேலையும் இதுதானே.

2022-ல் எம்.ஐ.டி-யில் யோயல் ஃபிங்க் குழுவில் வெய் யான் முன்னின்று செய்த இழை இந்த வரிசையில் வருகிறது. பீசோ பிளாஸ்டிக்குக்குள் பேரியம் டைட்டனேட் நுண்துகள்களைக் கலந்து, நியூன்ஹாம் எண்ணில் சொன்னால் 0-3 கணக்கில், ஒரே இழையாக இழுத்தார்கள். ஈயம் இல்லை. நம் காது ஜவ்வு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து, விறைப்பான நூல்களோடு சேர்த்து நெய்தார்கள். காற்றில் வரும் ஒலி துணியை நானோமீட்டர் அளவில் அதிர வைக்கும், இழை அதை மின்சாரமாக்கும். கைதட்டல் எந்தத் திசையில் இருந்து வந்தது என்று அந்தத் துணி சொன்னது. சட்டையில் மார்புப் பக்கம் வைத்துத் தைத்தபோது, போட்டிருந்தவரின் இதயத் துடிப்பை அதுபாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.